கதைச் சான்று இல்லாத குடில்

விருத்தாசலத்தில் ஒரு மண் ஆட்டுக்குட்டி பீங்கான் ஆட்டுக்குட்டியாக ஆவதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று நெருப்பு, மற்றொன்று கதை. நெருப்பு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கதை எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கிவிட்டால், இவ்வளவு ஒழுங்காக ஓடும் ஏற்பாடு வேறெங்கும் கிடையாது என்று அவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கோ ஒரு பெரிய ஊரில் நடந்த கருத்தரங்கில் கோட்டு போட்ட ஒருவர் மேடையேறி, "பொருளை விற்காதீர்கள், கதையை விற்றுவிடுங்கள்" என்று பேசினார். கேட்கப் போயிருந்த அதிகாரி ஒருவர் அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டார். காதில் விழுவதெல்லாம் உத்தரவாக இருந்தே பழகியவர் அவர். திரும்பி வந்ததும், செராமிக் கூடங்களுக்கு நடுவே இருந்த பொதுச் சூளைக்கு மேல் ஒரு மாடி எழும்பியது. அதற்குப் 'பீங்கான் பொருள் கதைச் சான்று மையம்' என்று பெயர். கீழே சூளை, மேலே கதை. மேலே கதை சரி என்று ஒரு சீட்டு கொடுத்தால்தான் கீழே சூளையின் கதவு திறக்கும்.

முதலில் எல்லாப் பொருளுக்கும் கதை கேட்டார்கள். ஊறுகாய் ஜாடிக்கு ஒரு கதை வந்தது. கரண்டுப் பெட்டியில் மாட்டுகிற ஃப்யூஸ் கட்டைக்கு, தன்னையே எரித்துக்கொண்டு நாட்டைக் காப்பாற்றிய இளவரசனின் கதை வந்தது. அந்தக் கதை நன்றாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஃப்யூஸ் கட்டையோடும் அதை மடித்து வைத்து அனுப்ப வேண்டும் என்பது விதி. இருட்டில் ஃப்யூஸ் போட வந்தவர்கள் கதையைப் பிரித்து வைத்துக்கொண்டு, இதில் எதை எங்கே சொருகுவது என்று தொலைபேசியில் கேட்க ஆரம்பித்தார்கள். அதனால் விதி தளர்த்தப்பட்டு, பண்டிகைப் பொருள்களுக்கு மட்டும் கதை போதும் என்றானது.

இவையெல்லாம் தெரியாமல்தான் அன்புக்கரசி தன் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு சூளைக்கு வந்தாள்.

அதுவரை அவள் பிறருடைய கூடங்களில் பொம்மைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவள். இந்த ஆண்டுதான் தனியாக ஒரு கொட்டகை பிடித்து, சொந்தமாக அச்சு செய்து, விருத்தாசலத்தை அடுத்த மங்களூர்ப் பக்கத்து மாதா கோயில் ஒன்றுக்கு முழுக் குடிலும் செய்து தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டிருந்தாள். மாதா, அவர் கணவர் சூசையப்பர், குழந்தை, மூன்று ராஜாக்கள், இடையர்கள், மாடு, கழுதை, ஆட்டுக்குட்டிகள். டிசம்பர் பாதிக்குள் வரவில்லையென்றால் சென்னையிலிருந்து பிளாஸ்டிக் குடில் வாங்கிவிடுவதாகப் பங்குச் சாமியார் அன்பாகச் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் உடையாது. உடையாத பொம்மைக்கு மாற்று கேட்டு யாரும் வரமாட்டார்கள். தன் முதல் வேலையே கடைசி வேலையாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

சூளைக்காரர் பழமலைநாதன் பொம்மைகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பொம்ம இருக்குது. கத எங்கம்மா?"

"என்னா கதைங்கண்ணே?"

"அது எனக்குத் தெரியாது. மேல போயி கேளு. சீட்டு இல்லாம ஒரு ஆட்டுக்குட்டி உள்ள போனாலும் என் வேலைய தூக்கிருவாங்க. போன வருஷம் புள்ளையாருக்கே கத இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

மழைக்காலம். சுடாத பொம்மை என்பது பொம்மை மாதிரி நிற்கிற மண். தண்ணீர் பட்டால் மறுபடி மண்ணாகிவிடும். கொட்டகைக் கூரையில் எங்கெங்கே ஒழுகும் என்று அன்புக்கரசிக்கு இன்னும் முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு மழையும் புதிதாக ஓர் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பொம்மைகளைத் திரும்பக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்துத் தார்ப்பாயால் மூடிவிட்டு வந்து மாடி ஏறினாள்.

மாடியில் கண்காணிப்பாளர் பானுமதி இருந்தார்.

"குடிலுக்கா? கதையச் சொல்லும்மா."

"இயேசு பாலன் பொறந்த கததாங்க மேடம்."

பானுமதி கணினியில் தட்டிப் பார்த்தார். "அது போன வருஷமே பதிவாயிடுச்சு. ரோட்டுக்கு அந்தாண்ட ஒரு யூனிட்காரரு பதிஞ்சிருக்காரு. ஒரே கதைக்கு ரெண்டு சான்று கொடுக்க மாட்டோம்."

"அவரா மேடம் அத எழுதுனாரு?"

"படிவத்துல எழுதினவர் பேருன்னு கேட்டிருக்குது. அவரு தன் பேரப் போட்டிருக்காரு. நாங்க எப்படி இல்லங்கறது? நீ புதுசா ஒரு கிறிஸ்துமஸ் கத எழுதிட்டு வா. புதுசுதான்னு காட்டறதுக்கு, இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது அது வந்திருக்குன்னு ஆதாரம் வேணும்."

"முன்னாடியே வந்திருந்தா அது எப்படி மேடம் புதுசு?"

"எல்லாரும் இததான் கேக்கறாங்க" என்றார் பானுமதி, அலுப்பில்லாமல்.

இது முரணாகத் தோன்றலாம், அப்படியல்ல. இதுவரை யாரும் செய்யாத ஒன்றுக்கு அலுவலகம் அனுமதி கொடுத்து, நாளை அது கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது? புதியது வேண்டும்தான். ஆனால் அது புதியதாக இருந்து ஏற்கெனவே ஒருமுறை தேறியிருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு முதல் கல்யாணமாகவும் இருக்க வேண்டும், குடும்பம் நடத்திய அனுபவமும் இருக்க வேண்டும் என்று கேட்பது போல. கேட்பதில் தவறில்லை. கிடைப்பதுதான் கொஞ்சம் கஷ்டம்.

கதை தெரியாதவர்களை மையம் அப்படியே விட்டுவிடுவதில்லை. 'கதைக்கரு கண்டறியும் முகாம்' ஒன்றை அவர்களே நடத்துகிறார்கள். அதற்கென்று கோதண்டபாணி என்கிற வல்லுநர் இருக்கிறார். அவர் சொந்தமாக ஒரு கதையும் எழுதியதில்லை. எழுதியிருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பதால் அப்படிப்பட்டவரைத்தான் நியமித்திருந்தார்கள்.

கோதண்டபாணி கரும்பலகையில் ஒரு வீடு வரைந்தார். வீட்டுக்கு ஒரு ஜன்னல் வைத்தார்.

"உலகத்துல உள்ள அத்தனை பழைய கிறிஸ்துமஸ் கதையையும் நான் பிரிச்சுப் பார்த்துட்டேன். எல்லாம் ஒரே மெஷின். உள்ள கணப்பு அடுப்பு, வெளிய குளிர். நடுவுல ஜன்னல். வெளிய நின்னு ஒரு ஏழைக் குழந்தை உள்ள பார்க்கணும். உள்ள ஒரு கல்நெஞ்சுக்காரர் சாப்பிட்டுக்கிட்டு இருக்கணும். குழந்தை பார்க்கப் பார்க்க அவரு கரையணும். மேலேருந்து உறைபனி விழுந்துகிட்டே இருக்கணும். இதுல ஒரு திருகாணி கழண்டாலும் கண்ணீர் வராது."

அன்புக்கரசி கை தூக்கினாள். "நம்ம ஊருல உறைபனி விழாதே சார்?"

"அதான் சவால்" என்றார் கோதண்டபாணி மகிழ்ச்சியாக.

பிறகு களப்பயிற்சி. கதைக்கரு எங்கெங்கே கிடைக்கும் என்று மையம் ஆராய்ந்து வைத்திருந்தது. ரயில்வே ஜங்ஷன், பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி வாசல். முகாமுக்கு வந்தவர்களுக்கு 'கதைக்கரு தேடுபவர்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டி, ஆளுக்கு ஓர் இடமாக அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனவரைப் புது டாக்டர் என்று நினைத்துக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் போனவர் ஒரு கல்நெஞ்சுக்காரரைத் தேடி ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸின் நடத்துனரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததில், அவர் பயந்துபோய் பாக்கிச் சில்லறையை எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டார். இது கரைதல் கணக்கில் வரும் என்று கோதண்டபாணி குறித்துக்கொண்டார்.

அன்புக்கரசிக்கு ஜங்ஷன் விழுந்தது. நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தாள். ரயில்கள் வந்தன, போயின. ஒரு போர்ட்டர் அட்டையைப் படித்துவிட்டு, "என்னா தொலஞ்சு போச்சு? ஸ்டேஷன் மாஸ்டரு கிட்ட சொன்னியா?" என்று விசாரித்தார். மழை வலுத்தபோது, நிறைமாதப் பெண் ஒருத்தி புருஷனோடு இறங்கி, கூரைக்கடியில் இடம் தேடினாள். டீக்கடைக்காரர் தன் ஸ்டூலைத் துடைத்து அவளுக்குப் போட்டார். அன்புக்கரசிக்குச் சட்டென்று மனசு நிறைந்துபோனது. இது போதுமே என்று நினைத்தாள். ஒரு பெண், ஒரு புருஷன், லாட்ஜில் இடம் இல்லை, டீக்கடைக்காரர் கடைக்குப் பின்னால் வைக்கோல் போட்டு இடம் கொடுக்கிறார், குழந்தை பிறக்கிறது, இடையர்களும் ராஜாக்களும் பார்க்க வருகிறார்கள். எழுதி எடுத்துக்கொண்டு போனாள்.

கதையை ஆராய மூன்று பேர் கொண்ட குழு உட்காரும். மையத்தின் தலைவர் சக்கரபாணி, கோதண்டபாணி, குறிப்பெழுதும் பானுமதி. அன்புக்கரசி வாசித்து முடித்ததும் சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஒரு சொற்பொழிவு வருகிறது என்று அர்த்தம்.

"நல்லா இருக்குது. மனசைத் தொடுது. ஆனா மனசைத் தொடுறது எங்க துறையில வராது. லாட்ஜில இடம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ஊர்ல லாட்ஜ் நடத்துறவங்க மனசு புண்படாதா? மழையில வந்த நிறைமாசப் பொண்ணை அவங்க வெளிய நிறுத்துவாங்களா?"

"அப்ப இடம் குடுத்துட்டாங்கன்னு எழுதட்டுங்களா சார்?"

"அதுதான் நியாயம்."

"இடம் கிடைச்சிட்டா, கடைக்குப் பின்னால வைக்கோல் எதுக்கு?" என்றார் கோதண்டபாணி.

வைக்கோல் போயிற்று. வைக்கோல் போனதும் மாட்டுக்கு வேலை இல்லை. கழுதை லாட்ஜுக்குள் வரக்கூடாது. இடையர்கள் ராத்திரியில் ஆடுகளைத் தனியாக விட்டுவிட்டு வருவது பொறுப்பில்லாத செயல், அதைப் பண்டிகைப் பொருளில் காட்டினால் தவறான முன்னுதாரணம் ஆகும். மூன்று ராஜாக்கள் வெளிநாட்டிலிருந்து தங்கம் கொண்டுவருகிறார்கள். எந்த வழியாகக் கொண்டுவந்தார்கள் என்று கதையில் விளக்கம் இல்லை. பிரசவம் லாட்ஜில் நடப்பதை யாரும் ஊக்குவிக்கக் கூடாது. பானுமதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்.

"உறைபனி?" என்று நினைவூட்டினார் கோதண்டபாணி.

"ஐஸ் வண்டி ஒண்ணு பாலத்து மேல கவுந்துச்சுன்னு வெச்சிக்கலாங்களா சார்?" அன்புக்கரசிக்கே தன் குரல் யாருடையதோ போல இருந்தது. "கீழ நிக்கறவங்க மேல ஐஸு விழும்."

"மேலேருந்து விழுதா? அப்ப சரி."

முடிவில் கதை இப்படி நின்றது: ஒரு தம்பதி ஜங்ஷனில் இறங்கினார்கள். மேலிருந்து ஐஸ் விழுந்தது. லாட்ஜில் அறை கிடைத்தது. தூங்கினார்கள்.

"அற்புதம்" என்றார் சக்கரபாணி. "யாரையும் புண்படுத்தாத கிறிஸ்துமஸ் கதை. சான்று கொடுத்துடலாம்."

பானுமதி சீட்டில் பாதி எழுதிவிட்டு நிமிர்ந்தார். "சார், கதையில இருக்கற உருப்படி மட்டும்தான் சூளைக்குப் போகலாம். இவங்க கொண்டாந்ததுல மாதா, சூசையப்பர் ரெண்டு பேரும் நின்னுக்கிட்டு இருக்காங்க. கதையில தூங்கறாங்க."

எல்லோரும் யோசித்தார்கள். விதிப்படி கதைக்குச் சான்று உண்டு. அந்தக் கதைப்படி சூளையில் வைக்க ஒரு பொம்மையும் இல்லை. மையம் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு சிக்கலில்லாத கோப்பு வந்ததே இல்லை என்று சக்கரபாணி பாராட்டினார். அன்புக்கரசி நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கீழ்ப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள்.

கொட்டகையில் புருஷன் திலீபன் கூரைக்கடியில் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன், மழை நாளில் சவாரி அதிகம் என்றாலும் பொம்மைகளுக்காக அங்கேயே நின்றுவிட்டான். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரிக்கக் கூடாது என்று பார்த்தான், முடியவில்லை.

"ஏ அன்பு, மாதாவுக்கு பெத்லகேமுல ஒரு எடத்துலதான் எடம் இல்லன்னாங்க. உனக்கு ஒரே ஆபீசுல எத்தினி பேரு சொல்லியிருக்காங்க பாரு."

"கிண்டல் பண்ணாத. ஃபாதரு மறுபடி போன் பண்ணிட்டாரு. பிளாஸ்டிக் போட்டோவ வேற அனுப்பிருக்காரு. அந்த ராஜாவுக்கு மூணு பேருக்கும் ஒரே மூஞ்சி."

"கிண்டல் இல்லடி. நீ ஏன் புதுசா கத தேடற? மேல போயி வந்தியே, அதையே எழுதிக்கினு போ. அவங்க கேட்ட குளிரு, கல்நெஞ்சு, எல்லாம் அங்கதான இருக்குது."

"எழுதுனா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க."

"சூளையில போடுவாங்கன்னா அதான நமக்கு வேணும்?"

வேறு வழி இல்லாததால் அவள் எழுதினாள். எதையும் கூட்டவில்லை. ஒரு பெண் மண்ணால் செய்த மாதாவையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போகிறாள். நெருப்பில் இடம் கேட்கிறாள். ஒருவர் ஆதாரம் கேட்கிறார், ஒருவர் ஜன்னல் வரைகிறார், ஒரு தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசுகிறார். இடம் இல்லை. வெளியே மழையில் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பெயர்களை மட்டும் விட்டுவிட்டாள்.

குழு முன்னால் அதை வாசித்து முடித்தாள். சக்கரபாணி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதாம்மா கற்பனை! எங்கேருந்து பிடிச்சீங்க இதை? இப்படி ஒரு ஆபீசு உலகத்துல இருக்க முடியுமா? இருக்கவே முடியாது. அந்தத் தலைவரு இருக்காரே, என்னா ஒரு மரமண்டை! பேசிக்கிட்டே இருக்கறாரு, எதிர்ல ஒரு பிள்ளை கரைஞ்சுகிட்டு இருக்குது, அது அவருக்குத் தெரியல. எனக்குக் கீழ அப்படி ஒருத்தன் இருந்தா அன்னிக்கே மாத்தல் போட்டிருப்பேன்."

"அந்த ஜன்னல் வரையற ஆளும் ரொம்ப நல்லா வந்திருக்காரு" என்றார் கோதண்டபாணி. "கொஞ்சம் மிகையா இருக்குது. ஆனா இந்த மாதிரி கதைக்கு மிகை வேணும்."

"ஆதாரம்?" என்றார் பானுமதி.

"இடம் இல்லைங்கற விஷயம் பைபிள்லயே இருக்குதே. புதுசுதான், ஆனா பழசாவும் இருக்குது. இதவிட என்ன வேணும்? உறைபனி மட்டும் காணோம்" என்றார் கோதண்டபாணி.

"பீங்கான் மாவு எல்லாரு தலையிலயும் வெள்ளையா விழுந்துக்கிட்டே இருந்துச்சுங்க சார்" என்றாள் அன்புக்கரசி.

"மேலேருந்தா?"

"ஃபேன்லேருந்து."

சான்று கிடைத்தது. அவள் சீட்டைக் கையில் வாங்கப் போனபோது பானுமதி விரலால் அதை மேசையோடு அழுத்திப் பிடித்தார். கதையில் உள்ள முக்கியமானவர்கள் பொம்மையாக இருந்தாக வேண்டும். மாதா இருக்கிறார், பிள்ளை இருக்கிறது, ராஜாக்கள் முதல் மாடு கழுதை வரை மற்றவற்றை அந்தப் பெண் தூக்கிக்கொண்டு வந்ததாகக் கதையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தலைவர் எங்கே?

"முக்கியமான பாத்திரம்" என்றார் சக்கரபாணி. "அவரு இல்லாம குடில் முழுசா ஆகாது. மாதிரி பார்க்காம கற்பனையா செஞ்சா தலைவர் எப்படி இருப்பாருன்னு உங்களுக்குத் தெரியாது. இந்தக் கட்டடத்துல தலைவர்னு நான் ஒருத்தன்தான் இருக்கேன். என்னைப் பார்த்தே செஞ்சுக்கங்க. கதைக்காக நிக்கிறேன்."

எழுந்து நின்று வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை எதிரில் இருப்பவருக்குக் காட்டினார். "பொறுங்க" என்று சொல்லும் கை. நாள் முழுவதும் அந்தக் கையை அப்படியே வைத்துப் பழகியிருந்ததால் அவருக்கு வலிக்கவில்லை. அன்புக்கரசி அங்கேயே மண்ணில் அளவு பிடித்துக்கொண்டாள்.

பீங்கான் பொம்மை எப்படிச் செய்யப்படுகிறது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. களிமண்ணைத் தண்ணீரில் குழம்பாகக் கரைத்து, பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கும். அச்சை ஒட்டி உள்ளே மண் ஒரு தோலாகப் படியும். மீதிக் குழம்பைக் கவிழ்த்து வெளியே ஊற்றிவிடுவார்கள். ஆகவே பொம்மைக்குள் வெறும் காற்றுதான். அடியில் ஓர் ஓட்டை இருக்கும். சூட்டில் மண்ணிலிருக்கும் ஈரம் ஆவியாகி அந்த வழியே போய்விடும். ராஜாவானாலும் ஆட்டுக்குட்டியானாலும் உள்ளே ஒன்றும் இல்லாமல் இருப்பதால்தான் முழுசாக வெளியே வருகிறது.

தலைவர் பொம்மையைப் பார்வையிடக் கொட்டகைக்கு வந்த சக்கரபாணி, வரிசையில் இருந்த சூசையப்பரைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, கனமே இல்ல? உள்ள ஒண்ணும் இல்லையே!"

"எல்லாப் பொம்மையும் அப்படித்தாங்க சார்."

"மத்தவங்க அப்படி இருக்கலாம். நான் ஒரு பதவியில இருக்கேன். என்னை எடுத்தா ஒரு கனம் தெரியணும். அது என்ன, அடியில ஓட்டை? அதை அடைங்க. நாளைக்கு யாராவது தூக்கிப் பார்த்தா மையத்துக்கு மரியாதையா?"

"கெட்டியா செஞ்சா காயாதுங்க சார், மழ நாளு. ஈரத்தோட சூளைக்குப் போனா வெடிச்சிரும். பக்கத்துல இருக்கற எல்லாத்தையும் ஒடச்சிரும்."

சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, பேசுவதை விட எழுதுவது உறுதியானது என்று தோன்றியிருக்க வேண்டும். பேனாவை எடுத்து ஒரு தாளில் 'இந்த உருவம் வெடிக்க அனுமதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பொம்மையின் முதுகில் ஒட்டச் சொன்னார்.

கெட்டியான மண்ணில் தலைவர் உருவானார். அடி அடைக்கப்பட்டது. மற்றவர்கள் மேல் பூசியது போலவே அவர் மேலும், சூட்டில் கண்ணாடியாக உருகி இறுகும் மெருகுப் பூச்சு பூசப்பட்டது. மறுநாள் அவரைக் கையில் வாங்கியதும் பழமலைநாதனின் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா இது, அம்மிக் குழவி கணக்கா இருக்குது? உள்ள சில்லுனு ஈரம் வேற. டமார்னு போவும்."

"தெரியும்ணே. இவுரு இல்லாம மத்தவங்களுக்குச் சீட்டு இல்ல."

"வெடிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குதே?"

"சூளைக்குப் படிக்கத் தெரியாதுண்ணே."

பழமலைநாதன் தலையைச் சொறிந்தார். தலைவரை, பொம்மைகளை அடுக்கிச் சூளைக்குள் தள்ளும் வண்டியின் ஒரு கோடியில் நிறுத்தி, அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் கிடைத்த தடுப்புக் கற்களையெல்லாம் அடுக்கினார். நிற்க இடமில்லாததால் ஓர் ஆட்டுக்குட்டி மட்டும் தலைவர் பக்கம் போய்விட்டது. அன்புக்கரசி அதன் காதைத் தொட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். வண்டி உள்ளே போனது.

சூடு ஏறத் தொடங்கிச் சிறிது நேரத்தில், உள்ளேயிருந்து பட்டாசுக் கட்டு வெடித்தது போல ஒரு சத்தம் வந்தது. சூளையை அதற்காக நிறுத்த முடியாது. பாதிச் சூட்டில் திறந்தால் குளிர் பட்டு மிச்சம் இருப்பதும் விரிசல் விட்டுவிடும். வெந்து, ஆறி, கதவைத் திறக்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். அவ்வளவு நேரமும் அவள் சூளைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சாமியாரிடமிருந்து வந்த அழைப்பைத் திலீபன்தான் எடுத்து, "வெந்துகிட்டு இருக்குதுங்க ஃபாதர், எல்லாருமே" என்று சொல்லிச் சமாளித்தான்.

வண்டி வெளியே வந்தபோது அவள் முதலில் பிள்ளையைத் தேடினாள். பிள்ளை இருந்தது. மாதா இருந்தார், ராஜாக்கள் மூன்று முகங்களோடு இருந்தார்கள். மாட்டுக்கு ஒரு கொம்பு போயிருந்தது. தடுப்புக் கல்லுக்கு அந்தப் பக்கம் தலைவர் இருந்த இடத்தில் சல்லி கிடந்தது. அவருடைய வலது கை மட்டும் உடையாமல் பறந்துபோய் அந்த ஒற்றை ஆட்டுக்குட்டியின் முதுகில் விழுந்து, மெருகு உருகி இறுகியபோது அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இனி எந்த உளியாலும் பிரிக்க முடியாது. ஆட்டின் முதுகிலிருந்து ஒரு உள்ளங்கை எழும்பி நின்றது.

சரிபார்க்க வந்த பானுமதி சீட்டையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தலைவர் எங்க?"

"உள்ளதான் இருக்காரு மேடம்" என்றார் பழமலைநாதன். "கொஞ்சம் பரவலா இருக்காரு."

பானுமதி கையைப் பார்த்தார். "மாடியில நாற்காலி மேல துண்டு கிடந்தாலே ஆள் வந்திருக்காங்கன்னுதான் நாங்க எடுத்துக்கறோம். இங்க கையே இருக்குது" என்று சொல்லிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

குடில் திலீபனின் ஆட்டோவில், வைக்கோலுக்குள் படுத்தபடி மாதா கோயில் போய்ச் சேர்ந்தது. சாமியார் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு ஆட்டுக்குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதைத் திருப்பித் தந்துவிடுவாரோ என்று அன்புக்கரசி பயந்தாள். அவர் அதைத் தொட்டிலுக்கு நேர் எதிரே வைத்தார்.

கிறிஸ்துமஸ் அன்று கூட்டம் குடிலைச் சுற்றிக்கொண்டது. ராஜாக்களை யாரும் பார்க்கவில்லை. ஆட்டின் மேலிருந்த கையைத்தான் பார்த்தார்கள். அது ஆசீர்வாதம் செய்கிற கை என்று சிலர் சொன்னார்கள். இல்லை, பிள்ளைக்கு டாட்டா காட்டுகிறது என்று ஒரு சிறுமி அடித்துச் சொன்னாள். ஆதிலட்சுமி என்கிற, கோயிலுக்குப் பக்கத்து வீட்டு அம்மாள், தான் கும்பிடும் கோயில் வேறானாலும் பார்க்க வந்தவர், "யாரோ உள்ள வர எடம் கேக்கறாங்கடி, ஒதுங்கி வழி விடுங்க" என்று எல்லோரையும் விலக்கினார். புகைப்படங்கள் சுற்றுக்குப் போயின. பொங்கலுக்குள், அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கை வைத்த ஆட்டுக்குட்டிதான் வேண்டும் என்று ஐந்தாறு ஊர்களிலிருந்து அன்புக்கரசியிடம் கேட்டு வந்துவிட்டார்கள்.

செய்தி மையத்தை எட்டியது. கை வைத்த குடிலுக்கு இப்போது முன்னுதாரணம் உண்டாகிவிட்டது. ஆகவே இனி எல்லாக் குடிலிலும் கை கட்டாயம் என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் கூட்டினார்கள். அன்புக்கரசியை அழைத்திருந்தார்கள். சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம மையத்துக்கு இது பெருமை. எல்லா யூனிட்டும் இதே மாதிரி செய்யணும். அளவு, நிறம், ஒட்டியிருக்கற விதம் ஒண்ணும் மாறக்கூடாது. அந்தக் கை எப்படி வந்துச்சுன்னு முறையாச் சொல்லுங்கம்மா. பானுமதி எழுதிக்கட்டும்."

"தனியா கை செஞ்சு ஒட்டுனா அப்படி வராதுங்க சார்" என்றாள் அன்புக்கரசி. உண்மையைத்தான் சொன்னாள். "மொதல்ல உங்கள முழுசா செய்யணும். உள்ள காலியே இல்லாம கெட்டியா. ஓட்டைய அடச்சிட்டு, ஈரத்தோடயே சூளைக்குள்ள வெக்கணும். அப்பதான் அது தானா வரும்."

"அதுல ஒண்ணும் சிரமம் இல்லையே" என்றார் சக்கரபாணி.

"எனக்கும் ஆட்சேபம் இல்லை" என்றார் கோதண்டபாணி.

பானுமதி எழுதி முடித்த தீர்மானத்தைச் சத்தமாகப் படித்தார்: 'ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸுக்கு முன்பாக மையத்தின் தலைவரைச் சூளையில் வைப்பது என ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது.' சக்கரபாணி அதை இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, 'ஒவ்வோர் ஆண்டும்' என்பதற்குப் பின்னால் 'தவறாமல்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து, கையெழுத்துப் போட்டார்.